காலில் உருண்டை, வாயில் குழல்: தேனீக் கேள்விகள்

பெட்டிக்குத் திரும்பும் தேனீக்களின் பின்னங்கால்களில் மஞ்சள் உருண்டை ஒட்டியிருக்கிறது. மெழுகுதானே? (பொள்ளாச்சி வாசகர்)

இல்லை, மகரந்தம். மெழுகு தேனீயின் வயிற்றடியிலேயே சுரப்பது.

தேனீயின் உடம்பு மயிர் கிளை கிளையாக இருக்கும். பூவில் புரண்டால் தூள் அப்பிக்கொள்ளும். வாயிலிருந்து கொஞ்சம் தேனை எடுத்து ஈரமாக்கி, முன்னங்காலால் தலையைத் துடைக்கும்; நடுக்கால் வாங்கிப் பின்னங்காலின் உட்பக்கச் சீப்பில் சேர்க்கும். வேடிக்கை இனிமேல்தான். பின்னங்கால் இரண்டையும் உரசும்போது, ஒரு காலின் சீப்பில் உள்ளதை மறுகாலின் முள்வரிசை வாரி மூட்டிடுக்கில் போடுகிறது. மூட்டை மடக்கினால் தூள் நசுங்கி, வெளிப்பக்கக் குழிக்குள் கீழிருந்து ஏறுகிறது. அதுதான் மகரந்தக் கூடை. ஓரமெல்லாம் வளைந்த மயிர்; உருண்டை நழுவாமலிருக்க உள்ளே ஆணியாக ஒற்றை மயிர். இவ்வளவும் பெரும்பாலும் பறந்துகொண்டே நடக்கிறது!

சில தேனீக்கள் வெறுங்காலோடு வருகின்றனவே, சோம்பேறிகளா?

பாவம், அவை வயிற்றில் உள்ள தேன்பையில் மதுவை, அதாவது செடி சுரக்கும் இனிப்பு நீரைச் சுமந்து வந்திருக்கும். தேன்பைக்கும் செரிக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு அடைப்பு உண்டு. தன் பசிக்கு வேண்டியதை மட்டும் உள்ளே விடும். பெரிய கண்ணும் தடித்த உடம்பும் இருந்தால் ஆண் தேனீ. அதற்குக் கூடையே கிடையாது.

திராட்சையைத் தேனீ கடித்து நாசமாக்குகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (கம்பம்)

மருந்தெல்லாம் வேண்டாம். தேனீயின் தாடை மெழுகு பிசையத்தான் லாயக்கு. முழுப்பழத்தின் தோலைக் கிழிக்காது. பறவையோ குளவியோ கொத்திய பழம், வெடித்த பழம் இவற்றில்தான் நாக்கை நீட்டும். அந்த நாக்கு மயிரடர்ந்தது. சுற்றியுள்ள வாயுறுப்புகள் சேர்ந்து குழலாகி உறிஞ்சும், வேலை முடிந்ததும் தாடைக்கடியில் மடங்கிவிடும். கெட்ட பழத்தைப் பறித்து அப்புறப்படுத்துங்கள்.

கத்தரி காய்க்கவே தேனீப் பெட்டி வைக்கலாமா?

பெரிதாக நம்ப வேண்டாம். கத்தரியின் மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைதான். பூவைப் பிடித்து அதிரவைத்தால்தான் தூள் கொட்டும். நம் பெட்டித் தேனீக்கு அந்த வித்தை வராது. கருப்பாகக் குண்டாக வருகிற தச்சுத் தேனீக்கும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீக்கும் வரும். வண்டு என்று விரட்டிவிடாதீர்கள்.

ரப்பர் தோட்டத்தில் தேன் நன்றாக வருகிறது, ஆனால் பெட்டிக்குள் தேனீப் புழு வளர்ப்பு குறைகிறது. ஏன்? (மார்த்தாண்டம்)

ரப்பர் மது பூவிலிருந்து வருவதல்ல. இளந்தளிரின் இலைக்காம்பில் சுரப்பது. அதில் மகரந்தம் இல்லை. புழுவுக்குப் புரதம் மகரந்தத்தில்தான். வாசலில் கொஞ்ச நேரம் நின்று கால்களைப் பாருங்கள். உருண்டை அரிதாக இருந்தால், பக்கத்தில் தென்னை உள்ள இடத்துக்குச் சில பெட்டிகளை மாற்றிவையுங்கள்.