மூன்று சான்றிதழ் போதும்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. நாம் சொல்வது புரியும். எண்ணிக்கையும் பணக்கணக்கும் வராது. ஏழு வருடத்தில் மூன்று பயிற்சி மையங்களுக்குப் போய் மூன்று சான்றிதழ் வாங்கிவிட்டான். வேலைதான் கிடைக்கவில்லை. இப்போது இன்னொரு மையத்தில் இரண்டு வருடப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். “அவன் இன்னும் தயாராகவில்லை, சேர்த்துவிடுவோம்” என்கிறார் அம்மா. “யாராவது கேலி செய்வார்கள், வீட்டிலேயே இருக்கட்டும்” என்கிறார் அப்பா. அவனோ அப்பாவின் கருவிப் பெட்டியைக் கொட்டி, ஸ்பானர்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: சேர்க்காதீர்கள்.

ஏழு வருடம் படித்தும் தயாராகவில்லை என்றால் கோளாறு உங்கள் தம்பியிடம் இல்லை. ஒரு மேசையில், ஓர் ஆசிரியரிடம், அமைதியான அறையில் பழகிய வேலையை வேறோர் இடத்தில் செய்வது அவரைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் கடினம். சத்தமும் முகங்களும் மாறினால் அது அவருக்குப் புது வேலை. அதனால்தான் வரிசையையே திருப்பிப் போட்டார்கள்: முதலில் வேலை, அப்புறம் அந்த வேலை நடக்கும் இடத்திலேயே பயிற்சி. இதற்கு ‘ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு’ என்று பெயர். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கும் இதே வரிசைதான் கூடுதல் பலன் தருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எண்ணத் தெரியாதே என்கிறீர்கள். ஒரு கிடங்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாக்கெட்டுக்குப் பத்து திருகாணி போடும் வேலை. அந்த இளைஞருக்கு மூன்றுக்கு மேல் எண்ண வராது. அவர் முன்னால் பத்து குழி வெட்டிய மரப்பலகை ஒன்றை வைத்திருந்தார்கள். குழிக்கு ஒரு திருகாணி. எல்லாக் குழியும் நிறைந்ததும் பாக்கெட்டில் கவிழ்க்க வேண்டியதுதான். வேலையை ஆளுக்கு ஏற்றபடி வளைப்பது என்றால் இவ்வளவுதான். சுமார் ஐம்பது வருடத்துக்கு முன்பே மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், ‘இவர்களால் எதுவும் முடியாது’ என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். ஒருவர் கற்றுக்கொள்ளாவிட்டால் கற்பித்த விதத்தை மாற்று என்பது அவர் கட்சி. ஸ்பானரை அளவு பார்த்து அடுக்குகிறவருக்கு உதிரிபாகக் கிடங்கில் வேலை இருக்காதா என்ன?

சரி, முதலாளியிடம் எப்படிப் பேசுவது? “பாவம், ஒரு வேலை கொடுங்கள்” என்று மட்டும் போய் நிற்காதீர்கள். பரிதாபத்தில் கிடைக்கும் வேலை பரிதாபம் தீரும்வரைதான் இருக்கும். “ஆளோ நேரமோ இல்லாமல் இங்கே தேங்கிக் கிடக்கும் வேலை எது?” என்று கேளுங்கள். கலந்து கிடக்கும் உதிரிபாகங்களைப் பிரிப்பது, லேபிள் ஒட்டுவது என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். பலருடைய மேசையிலிருந்து இப்படிக் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்தே ஒரு வேலையை உருவாக்கலாம். சம்பளம் மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே இருக்க வேண்டும். இதில் கூச்சப்படாதீர்கள். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, எல்லோரும் வேலை செய்யும் இடத்தில் சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது.

இந்த முறையில், முதல் சில வாரங்கள் பயிற்றுநர் ஒருவர் பக்கத்திலேயே நின்று பழக்குவார். அவர் எப்போது விலகுகிறார் என்பதைக் கவனியுங்கள். விலகாமல் நின்றால் சக ஊழியர்கள் உங்கள் தம்பியிடம் பேசவே மாட்டார்கள். எல்லாவற்றையும் பயிற்றுநரிடமே சொல்வார்கள். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் “இதை இப்படிப் பிடி” என்று சொல்லிக்கொடுக்கும் நாள்தான் வேலை நிலைக்கத் தொடங்கும் நாள். அப்பாவின் கேலி பயத்துக்கும் அந்தப் பக்கத்து மேசைக்காரர்தான் மருந்து. சிலர் கேலி செய்யலாம், மறுக்கவில்லை. தட்டிக்கேட்க ஓர் ஆள் அங்கேயே இருப்பார். ஆறு மாதம் கழித்து, இடைவேளையில் தம்பி யாரோடு உட்காருகிறார் என்று விசாரியுங்கள். தனியாக என்றால் வேலை கிடைத்தும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்.

பஸ் பயணத்தையும் விட்டுவிடாதீர்கள். முதலில் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள், அப்புறம் பின் இருக்கையில், அப்புறம் இறங்கும் நிறுத்தத்தில் மட்டும் நில்லுங்கள். ஒருநாள் வேண்டுமென்றே தவறான நிறுத்தத்தில் அவரோடு இறங்கி, அங்கிருந்து யாரிடம் உதவி கேட்பது, சட்டைப்பையில் இருக்கும் போன் நம்பரை எப்படிக் காட்டுவது என்று செய்து பாருங்கள். அம்மாவையும் கூட்டிப் போனால் அவர் பயம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. அம்மா சொன்னது, அப்பா சொன்னது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தம்பி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. “என்ன வேலை பிடிக்கும்?” என்று வாயால் கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் எதிர்பார்ப்பதையே சொல்லக்கூடும். அதனால் இரண்டு மூன்று இடங்களில் அனுமதி வாங்கி, அரைநாள் அரைநாளாக வேலை செய்ய விட்டுப் பாருங்கள். “போகலாம்” என்று நீங்கள் கூப்பிட்டதும் எந்த இடத்தில் எழுந்திருக்க மறுக்கிறாரோ, அந்த இடத்து மேலாளரிடம் முதலில் பேசுங்கள்.