உரிமை இருக்கிறது, உரிமம் எங்கே?

கேள்வி: என் தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் உரிமத்துடன் வைத்திருந்த 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியை உயிலில் எனக்கு எழுதிவைத்துவிட்டு, பதினொரு மாதங்களுக்கு முன் காலமானார். அவர் படுக்கையில் கிடந்த மூன்று ஆண்டுகளும் எட்டிப் பார்க்காத அண்ணன், இப்போது துப்பாக்கியில் தனக்கும் பங்கு உண்டு என்கிறார். தோப்புக் கிணற்றுத் தண்ணீர் முறையிலும் தகராறு செய்கிறார். வாரந்தோறும் எண்ணெய் போட்டுத் துடைத்து, பீரோவில் பூட்டிச் சாவியை நானே வைத்திருக்கிறேன். இறுகிப்போன விசையை உள்ளூர்க் கொல்லர் சரிசெய்து கொடுத்தார். தட்டு சுடும் பயிற்சியில் (வானில் எறியும் மண்தட்டுகளைச் சுடும் விளையாட்டு) சேரவும் ஆசை. அண்ணன் மீது வழக்குத் தொடரலாமா?

- அரசுப் பள்ளி ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: எட்டுப் பக்கக் கடிதத்தில் ஏழு பக்கம் உங்கள் அண்ணனைப் பற்றியது. அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன். அப்பாவுக்கு யார் கஞ்சி ஊட்டினார் என்பது ஆயுதச் சட்டத்துக்கு வேண்டாத சேதி. உயில் செல்லுமா என்ற கேள்விகூட இப்போதைக்கு இரண்டாம்பட்சம்தான். செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். உயில் உங்களுக்குத் தந்தது உரிமை. உரிமம் அப்பாவின் பெயரில் இருந்தது, அவரோடு முடிந்தது. அன்றிலிருந்து உங்கள் பீரோவில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எந்தக் காரணத்தாலாவது ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிவிட்டால், அதை வீண் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. உங்களுக்குப் பதினொரு மாதம் ஆகியிருக்கிறது. ஒப்படைக்காததும் குற்றம், உரிமமில்லாமல் வைத்திருப்பதும் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. சிறப்புக் காரணம் எழுதி நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம். அப்பாவின் நினைவுப்பொருள் என்பது சிறப்புக் காரணமா என்பதை உங்கள் வழக்கில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

"அது பெட்டியில் இருந்ததே எனக்குத் தெரியாது" என்று சிலர் தப்பிப்பார்கள். ஆயுதம் தன்னிடம் இருக்கிறது என்று அறிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அந்த வாசலும் இல்லை. வாரந்தோறும் துடைக்கிறீர்கள், சாவி உங்கள் இடுப்பில். போதாததற்கு, ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதாகவும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழுவில் அண்ணனும் இருக்கிறார். அவர் கையில் இருப்பது தேதியிட்ட சாட்சியம்.

பங்காளித் தகராறில் துப்பாக்கி இருக்கும் வீடுகளின் வழக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். கிணற்றடியில் வாய்ச்சண்டை நடக்கும். மறுநாள் புகார் மனுவில் "துப்பாக்கியைக் காட்டிக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார்" என்ற வரி தவறாமல் இருக்கும். மிரட்டினீர்களா இல்லையா என்பது விசாரணையில் பிறகு தெரியட்டும். காவலர்கள் வந்ததும் முதலில் பீரோவைத் திறக்கச் சொல்வார்கள். சாட்சிகள் முன் மகஜர் (கைப்பற்றியதன் பதிவு) எழுதிக் கைப்பற்றுவார்கள். ஐந்தாண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால் பிணைக்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். நீங்களோ அரசு ஊழியர். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும். கிணற்றுத் தண்ணீருக்காகத் தொடங்கிய சண்டை சம்பளத்தில் வந்து நிற்கும். பிறகு உரிமத்துக்கு விண்ணப்பித்தால், நிலுவையில் உள்ள வழக்கைச் சுட்டிக்காட்டிக் காவல்துறை பாதகமாக அறிக்கை தரும். அண்ணன் மீது நீங்கள் முந்திக்கொண்டு வழக்குத் தொடர்ந்தாலும் முடிவு இதுதான்.

ஆகவே இந்த வாரமே ஒப்படையுங்கள். எப்படி என்பதில்தான் அடுத்த பள்ளம். ஒருவர் என் பேச்சைக் கேட்காமல் நான்கு பக்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார். அப்பா இறந்த சோகம், தாமதத்துக்குக் காரணம், நடுவில் ஒருமுறை தோப்பில் சுட்டுப் பார்த்தது, எல்லாம் அதில் இருந்தது. அவர் மனு என்று நினைத்துக் கொடுத்தது வாக்குமூலமாகப் போய்விட்டது. உங்கள் மனு அரைப்பக்கம் தாண்டக் கூடாது: தந்தையின் பெயர், இறந்த தேதி, உரிம எண், துப்பாக்கியின் தயாரிப்பும் எண்ணும், ஒப்படைக்க விரும்புகிறேன். கொல்லர் விவகாரம் அதில் வர வேண்டியதில்லை. அதைத் தனியாக நேரில் வந்து பேசுங்கள். உரிமமில்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. பாவம், அந்த மனிதர் உங்களைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார். இனி அவரிடம் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

துப்பாக்கியைத் துணியில் சுற்றி ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போகவும் வேண்டாம். வழியில் வாகனச் சோதனை வந்தால், "ஒப்படைக்கத்தான் போகிறேன்" என்பதை யார் நம்புவார்? முதலில் மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். எப்படிக் கொண்டுவருவது என்பதை ஆய்வாளரே சொல்லட்டும். முடிந்தால் காவலர் வந்து எடுத்துப்போகட்டும். விற்பனையாளரிடம் வைக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். மாதக் கட்டணம் ஆகும், ஆனால் எண்ணெய் போடுவார். நிலையத்தில் வைத்தால் மூலையில் சாத்திவிடுவார்கள், இரண்டு மழைக்காலத்தில் குழலின் உட்புறம் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். (நீங்கள் தோலுறைக்குள் போட்டு வைத்திருப்பதும் தவறுதான். தோல் ஈரத்தை இழுத்துவைக்கும்.) எங்கே வைத்தாலும் ரசீதில் துப்பாக்கி எண் இருக்க வேண்டும், குழல், கட்டை (மரப்பிடி) இவற்றின் நிலையையும் எழுதி வாங்குங்கள். விதிப்படியான காலத்துக்குள் உரிமம் பெற்று மீட்கவோ விற்கவோ இல்லையென்றால் அது அரசுக்குப் போய்விடும். கெடுவை ரசீது வாங்கும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

இறந்தவரின் சட்டபூர்வ வாரிசுக்கு உரிமம் வழங்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. ஆட்சியர் அலுவலக நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே கேட்கப்போகும் ஒரு தாளை மட்டும் சொல்கிறேன்: மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி. அதாவது உங்கள் அண்ணனின் கையெழுத்து.

இப்போது புரிகிறதா, ஏன் வழக்கு வேண்டாம் என்கிறேன் என்று? கிணற்றில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் முறைதானே தகராறு? விட்டுக்கொடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அதையும் எழுதி, கிணறு பற்றியும் துப்பாக்கி பற்றியும் ஒரே நாளில் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தால் துப்பாக்கியை உரிமம் உள்ளவருக்கு முறைப்படி விற்று, தொகையில் பாதியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பாடம் நடத்துங்கள். அப்பாவின் கை பட்ட கட்டை என்பது எனக்கும் புரிகிறது. என் தாத்தாவின் துப்பாக்கியும் அப்படித்தான் வேறு வீட்டுக்குப் போனது.

தட்டு சுடும் ஆசைக்கு இந்தத் துப்பாக்கி தேவையே இல்லை. துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றில் உறுப்பினராகி, மன்றத்துக்கென உரிமம் பெற்ற துப்பாக்கியால், அவர்கள் தளத்தில் பழகுங்கள்.

கடைசியாக ஒன்று. தோட்டாக்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடம் துப்பாக்கி வைத்திருந்தவர் வீட்டில் தோட்டா இல்லை என்பதை நான் நம்பவில்லை. அவற்றுக்கும் இதே சட்டம்தான். பீரோவின் மேல்தட்டு, அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டி, பரண், மூன்றையும் பார்த்து, எண்ணி, எண்ணிக்கையை மனுவில் சேர்த்து எழுதுங்கள்.