தண்ணீரைக் குறைக்காதீர்கள் அக்கா

கேள்வி: எனக்கு 53 வயது, பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். மூன்றும் சுகப்பிரசவம். இருமினாலோ அரிசி மூட்டையைத் தூக்கினாலோ சிறுநீர் கசிந்துவிடுகிறது. வீட்டு கேட்டில் சாவி போடும்போதே முட்டிக்கொண்டு வந்து, உள்ளே போவதற்குள் துணி நனைந்துவிடும். வெளியே போகிற நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டு தைப்பூசமாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் போகவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வயதானால் இப்படித்தானா?

பதில்: இல்லை அக்கா. வயது ஏற ஏற நிறைய பேருக்கு வருவது உண்மைதான், ஆனால் வந்துவிட்டதே என்று சகித்துக்கொண்டு கிடக்க வேண்டிய நோய் இல்லை. முதலில் தண்ணீர் குடியுங்கள். குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் வரும், முக்கி முக்கியே இடுப்பின் அடித்தசை மேலும் தளரும். குறைக்க வேண்டியது தே தாரிக் என்கிற பால் தேநீரையும் கோப்பியையும்தான்.

உங்களுக்கு இருப்பது ஒன்றல்ல, இரண்டு. இருமும்போது கசிவதற்குக் காரணம், தூளி போல சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை தளர்ந்தது. பிரசவம், மாதவிடாய் நின்றது, உடல் எடை எல்லாமே அதில் சேரும். சாவி போடும்போது வருவது வேறு, அது பை நிறையும் முன்பே தானாகச் சுருங்குவது.

தசைக்குப் பயிற்சி இருக்கிறது. சபையில் உட்கார்ந்திருக்கும்போது காற்று பிரியாமல் அடக்குவோம் இல்லையா, அந்த இடத்தையும் சிறுநீர் வரும் இடத்தையும் சேர்த்து உள்ளே, மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் மூன்றும் சும்மா இருக்கணும், மூச்சைப் பிடிக்கக் கூடாது. சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்தி, இப்படி 8 முறை, ஒரு நாளைக்கு 3 வேளை. குறைந்தது 3 மாதம். இரண்டே வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும். இருமல் வரப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளுங்கள்.

கேட் முன்னால் ஓடாதீர்கள். அப்படியே நின்று, சட்சட்டென்று நாலைந்து முறை இறுக்குங்கள், அவசரம் அலை மாதிரி எழும்பி அடங்கும், அப்புறம் நடந்து போங்கள். ‘எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வருவோம்’ என்று வராதபோதும் போகிற பழக்கத்தையும் விடுங்கள், பை கொஞ்சத்துக்கே பழகிவிடும். போகும் இடைவெளியைப் பத்து நிமிடம், கால் மணி என்று மெல்ல நீட்டுங்கள். இதற்கும் ஒன்றரை மாதமாவது வேண்டும்.

சரி, இதோடு கிளினிக்குக்கும் போகணும். இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும், சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் இதே தொல்லை வரும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). மூன்று நாள் எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், உட்கார்ந்ததுமே ‘கசிகிறது டாக்டர்’ என்று சொல்லிவிடுங்கள். பயிற்சி சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க பிசியோதெரபிக்கும் கேளுங்கள். ரத்தம் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கால் திடீரென்று மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள், அரிசி மூட்டையை அவர் தூக்கட்டும். அடுத்த தைப்பூசத்துக்குக் கசிவுக்கென்றே விற்கும் பேட் வாங்கிக்கொள்ளுங்கள், மாதவிடாய் பேட் சிறுநீரை அவ்வளவு சீக்கிரம் உறிஞ்சாது. மாற்றுத் துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, நின்று நின்று படியேறுங்கள். வழியில் தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.