பாதிப் படகுக்கு முழுச் செலவு

கேள்வி: எனக்கு வயது 42. கப்பல் பட்டறையில் பொறியாளர், சம்பளம் 7,400 வெள்ளி. மனைவி பாலர் பள்ளி ஆசிரியை, ஒரு மகள், சிங்கப்பூர் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. இரண்டு வருடத்துக்கு முன் நானும் மச்சானும் சேர்ந்து 30 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றை 36,000 வெள்ளிக்கு வாங்கினோம். இரண்டே பேர் ஓட்டிச் செல்லும் நெடுந்தூரக் கடல் பந்தயத்தில் இறங்க வேண்டும் என்பது ஆசை. படகைத் தயார் செய்ய இன்னும் 19,000 வேண்டும். கடன்பற்று அட்டையில் ஏற்கெனவே 21,000 நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘வட்டியில்லாத்’ திட்டங்களுக்கு மாற்றிக்கொண்டு வருகிறேன். மேற்கொண்டு தனிநபர் கடன் எடுக்கலாமா? தெரிந்த முகவர் ஒருவர் முதலீட்டோடு சேர்ந்த காப்புறுதி எடுக்கச் சொல்கிறார். சரியாகத் தூக்கம் வருவதில்லை.

பதில்: மத்திய சேம நிதி, அவசரத்துக்குச் சேமிப்பு இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேமிப்புப் பத்திரங்களில் 9,000 வைத்திருக்கிறீர்கள், வீட்டுக் கடன் ஒழுங்காகப் போகிறது. படகு வாங்கியதையும் நான் குறை சொல்லப்போவதில்லை. எனக்குக் கடலே ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை நண்பர் ஒருவர் புலாவ் உபின் பக்கம் பாய்மரப் படகில் அழைத்துப்போய், முக்கால் மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அதனால் ஆசையைப் பற்றித் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. கணக்கைப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: “மச்சானுக்குக் கொஞ்சம் கை கடி, அவன் பங்கையும் நானே பார்த்துக்கொள்கிறேன், பிறகு தருவான்.” நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் விடை அந்த வரியில் இருக்கிறது.

படகின் விலையில் அவர் பங்கு 18,000. கொடுத்தது 6,000. பாக்கி 12,000. படகு நிறுத்தும் இடம், காப்புறுதி, அடிப்பாகத்தைச் சுரண்டிப் பூச்சு அடிப்பது, சில்லறைப் பழுது எல்லாம் சேர்த்து மாதம் 1,300 ஆகிறது என்கிறீர்கள். ஆளுக்கு 650. முதல் இரண்டு மாதம் கொடுத்தார், அப்புறம் 22 மாதமாக இல்லை. அது 14,300. இரண்டையும் கூட்டினால் 26,300 வெள்ளி. உங்கள் அட்டைக் கடனோ 21,000. அதாவது அந்தக் கடன் முழுவதும் மச்சானுடையது, அதற்கு மேலும் 5,300 வருகிறது. பெயர் மட்டும் உங்களுடையது.

இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். இந்தப் படகுக்காக இதுவரை மொத்தம் 67,200 போயிருக்கிறது. அவர் போட்டது 7,300. ஒன்பதில் ஒரு பங்கு. அதே மனிதர் போன வருடம் கார் எடுத்திருக்கிறார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் கார் எடுக்க வாகன உரிமைச் சான்றிதழுக்கு மட்டும் என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கை கடிக்கிறவர் செய்கிற காரியமா அது?

அடுத்து அந்த ‘வட்டியில்லாத்’ திட்டம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இரண்டரை சதவீதம் கட்டணம் என்கிறீர்கள். 21,000க்கு 525, வருடத்தில் இரண்டு முறை, ஆக 1,050. இது வட்டி இல்லையென்றால் வேறென்ன? ஒரு மாதம் தேதி தவறினால் சாதாரண அட்டை வட்டி பிடித்துக்கொள்ளும்; வருடத்துக்கு 27 சதவீதம் என்று வைத்தால் மாதம் 470 வெள்ளி. மார்ச்சில் உங்களுக்கு அதுதான் நடந்தது. நாணய ஆணையம் வைத்திருக்கும் வரம்பு மாத வருமானத்தைப் போல 12 மடங்கு, அதன் பக்கத்தில்கூட நான் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 88,800 வெள்ளி வரை கடன்படலாம் என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறதோ, எனக்குப் புரியவில்லை.

தனிநபர் கடன்: விளம்பரத்தில் 3.2 சதவீதம். 19,000க்கு ஐந்து வருடத்தில் வட்டி 3,040, மாதத் தவணை சுமார் 367. அசல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை; முதல் நாள் தொகைக்கே கடைசிவரை கணக்குப் போடுகிறார்கள். உண்மையான வட்டி ஆறு சதவீதம். அதையும் எடுத்தால், மச்சான் பாதியையும் சுமந்துகொண்டு, ஐந்து வருடத்துக்கு நீங்கள் கட்டவேண்டியது இன்னும் ஒன்று கூடும். வேண்டாம்.

முகவர் சொல்லும் திட்டத்துக்கு நான் அதிக இடம் ஒதுக்கப்போவதில்லை. மாதம் 600 கட்டுங்கள், முதல் வருடம் போனஸ் யூனிட் (முதலீட்டு நிதியில் கூடுதல் பங்கு) தருகிறோம், பின்னால் படகுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். முதல் சில வருடங்களில் வெளியே வந்தால் என்ன வெட்டுவார்கள் என்று அவரிடமே எழுத்தில் கேட்டுப் பாருங்கள். கடன் இருப்பவருக்கு முதலீட்டுக் காப்புறுதி விற்க வருகிற தைரியம் எனக்கு எப்போதும் வியப்பு.

சரி, என்ன செய்வது? இந்த மாதத்திலிருந்து மச்சானின் 650ஐக் கட்டாதீர்கள். படகு நிறுத்தும் மரினாவில் கட்டணம் பாக்கி விழும் என்று பயப்படுவீர்கள். அதனால் முதலில் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், மாமியார் வீட்டு விருந்தில் அல்ல, படகிலேயே. மூன்று வழி சொல்லலாம். மாதம் 650ம் பழைய பாக்கிக்கு ஒரு தவணையும் தரட்டும். இல்லை, போட்ட பணத்தின் அளவுக்குப் பங்கைக் குறைத்து எழுதிக்கொள்ளட்டும். இரண்டும் முடியாதென்றால் படகுச் சங்கத்தில் மூன்றாவது பங்காளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 433 ஆகிவிடும். எதுவானாலும் ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். படகின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, ஒருவர் விலகினால் விலை எப்படி என்பதும் அதில் வரட்டும்.

“தம்பிகிட்ட காசு கேக்காதீங்க, அம்மா வருத்தப்படுவாங்க” என்று உங்கள் மனைவி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் 26,300 என்ற எண்ணைக் காட்டியிருக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. மச்சானிடம் பேசும் முன் அவரிடம் காட்டுங்கள்.

அந்த 650 மிச்சமானால், இப்போது கடனுக்குக் கட்டும் 500ஓடு சேர்த்து மாதம் 1,150. 21,000 முடிய ஏறக்குறைய 18 மாதம், கட்டணத்தையும் சேர்த்தால் 20. மச்சான் பழைய பாக்கியில் கொஞ்சம் கொடுத்தாலும் அதற்கு முன்பே முடியும். எனவே வரும் நவம்பரில் போர்ட் கிள்ளானிலிருந்து லங்காவி வரை நடக்கும் ராஜா மூடா பந்தயத்துக்கு உங்கள் படகு போகாது. நீங்கள் போகலாம், ஆள் தேடும் படகுகள் எப்போதும் உண்டு. அடுத்தவர் படகில் இரவுப் பயணம் பழகச் செலவு குறைவு. 2013இல் பிரான்ஸைச் சேர்ந்த அப்பாவும் மகனும் 33 அடிப் படகில் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் கடல் பந்தயத்தை ஒட்டுமொத்தமாக வென்றதை ஆசையோடு எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பங்குக் கணக்கை எப்படி வைத்துக்கொண்டார்களோ! சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தின் 628 கடல்மைல், படகை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும் செலவு, இதையெல்லாம் கடன் முடிந்த பிறகு எழுதுங்கள், பேசுவோம்.

19,000 பட்டியலில் எல்லாம் ஒரே அவசரம் இல்லை. இரண்டு பேர் படகில் ஒருவர் தூங்கும்போது சுக்கானைப் பிடிக்கிற மூன்றாவது ஆள் ஆட்டோபைலட்தான் என்கிறீர்கள், 5,500, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், 5,000. அவற்றின் வயது உங்களுக்கே தெரியவில்லை. அதைக் காப்புறுதி நிறுவனமும் கேட்கலாம். கப்பல்கள் வரிசைகட்டிப் போகும் சிங்கப்பூர் நீரிணையில், விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென வரும் பலத்த காற்று அடிக்கும்போது, மற்றக் கப்பல்களுக்கு உங்கள் இருப்பிடத்தைக் காட்டும் ஏஐஎஸ், ஆபத்தில் மீட்பாளர்களுக்குச் சமிக்ஞை அனுப்பும் ஈபெர்ப், உங்களைப் படகோடு பிணைக்கும் இடுப்பு வார் மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள், 2,500. உயிர்காப்புத் தெப்பம் 2,500 என்று போட்டிருக்கிறீர்கள். வாங்கினால் உபயோகிக்காவிட்டாலும் குறித்த காலத்தில் சோதனைக்கு அனுப்பிக் காசு கட்ட வேண்டும், வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எதையும் வாங்கும் முன், படகுக் காப்புறுதியில் பந்தயமும் இருவர் மட்டும் ஓட்டுவதும் அடங்குமா, எந்தக் கடல் எல்லை வரை என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் சொந்த விபத்துக் காப்புறுதியிலும் அதையே பாருங்கள்.

மிச்சம் இருப்பது, காற்று பின்னாலிருந்து வீசும்போது விரிக்கும் பெரிய ஸ்பின்னக்கர் பாய், புதியது, 3,500. பழைய பாய் கிழிந்துவிட்டதா, வெறும் நிறம்தான் மங்கியிருக்கிறதா என்று எழுதவில்லையே?