புயலடித்த கண்டல்: எண்ணூர்க்காரர்கள் கேட்டவை

காட்டுக்குப்பம்: அக்கா, புயல் போய் மூணு வாரம். கண்டல், அதான் அலையாத்தி மரம் எல்லாம் மொட்டையா நிக்குது. செத்துடுச்சா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. நம்ம ஆத்தங்கரையில பெரும்பாலும் வெண்கண்டல்தான். பட்டைக்கடியில தூங்குற மொட்டு இருக்கு, கிளை போனாலும் தண்டுலயே துளிர்க்கும். நகத்தால சுரண்டுங்க. பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு. பழுப்பா இருந்தா இன்னும் கீழே சுரண்டுங்க. பிச்சாவரத்துல இருக்கிற சுரபுன்னைங்கிற கண்டல் வேற மாதிரி. முத்தின கட்டையில துளிர் வராது, இலை முழுக்கப் போனா பெரும்பாலும் மரமே போச்சு. ஆறு மாசம் எதையும் வெட்டாதீங்க.

அத்திப்பட்டு: என்ன உரம் போடலாம்?

பதில்: எதுவும் வேண்டாம்.

நெட்டுக்குப்பம்: ஞாயித்துக்கிழமை மன்றத்துப் பசங்களோட ஆயிரம் நாத்து நடப்போறோம்.

பதில்: நிறுத்துங்க, முதல்ல தண்ணியைப் பாருங்க. 2017இல் இர்மா புயலுக்கு அப்புறம் புளோரிடாவுல, கடல் தண்ணி ஏறி வடியாம நின்ன பள்ளங்கள்லதான் கண்டல் கூட்டமா செத்துது. காத்துல இலை உதிர்ந்ததுல நிறைய திரும்பத் தழைச்சுது. சேத்துக்கு மேல நீட்டிக் காத்து வாங்குற மூச்சுவேர், தண்ணி இறங்குற வற்றத்துல வெளிய வரணும். நாள்கணக்கா முங்கிக் கிடந்தா வேர் மூச்சு முட்டி அழுகும்.

குச்சி ஊனி, அமாவாசையிலேருந்து பௌர்ணமி வரைக்கும் ஏற்றம், வற்றம் ரெண்டையும் குறிங்க. வற்றத்துலயும் வடியாத இடத்துக்கு மீன்முள் வாய்க்கால் வேணும். நடுவாய்க்கால் ஆத்துல சேரணும், கிளைகள் 45 டிகிரி சாய்வா அதுல வந்து விழணும், நடுவாய்க்கால்தான் ஆழம். கரையைச் செங்குத்தா வெட்டினா சரியும். வெட்டின மண்ணை வரப்பாக் குவிச்சா அதுவே தண்ணியைத் தடுக்கும், மெலிசாப் பரப்புங்க. நாத்து கரைச்சாய்வோட நடுவுல. வனத்துறை அனுமதி வாங்காம மண்வெட்டியைத் தொடாதீங்க.

எர்ணாவூர்: இலை கொட்டிடுச்சு, பட்டுப்போன மரத்தை வெட்டலாமா?

பதில்: முதல் பதிலைப் படிங்க. சுரண்டுங்க. வெட்டாதீங்க.

முகத்துவாரக்குப்பம்: இங்க தண்ணி தேங்கலைக்கா, அனல்மின் நிலையச் சாம்பல் மூடிக்கிடக்கு. வாய்க்கால் என்ன செய்யும்?

பதில்: நியாயமான கேள்வி. சாம்பல் படிஞ்சு தரை உயர்ந்தா ஏற்றமே எட்டாது. மூச்சுவேர் நுனி புதைஞ்சா முங்கினது போலத்தான்.

காட்டுக்குப்பம்: அப்ப ஜேசிபி விட்டு வாரிடலாமே?

பதில்: கூடவே கூடாது! மூச்சுவேர் தரைக்கடியில கிடையா ஓடுற வேர்லேருந்து கிளம்புது. வண்டி ஏறினா மொத்தமும் அறுந்துடும். வேர் நுனி தெரியுற அளவுக்குக் கையால ஒதுக்குங்க.

முகத்துவாரக்குப்பம்: மறுபடி சாம்பல் வந்தா?

பதில்: வரத்தை அடைக்காம அள்ளுறது வீண். உங்க பக்கம் அதுதான் முதல் வேலை, நான் சொன்ன வாய்க்கால் ரெண்டாவது.

எண்ணூர்: 2023 மிக்ஜாம் வெள்ளத்துல வந்த மாதிரி எண்ணெய் ஒட்டினா?

பதில்: தேய்க்காதீங்க, சேத்துல நடக்காதீங்க. மிதிச்சா எண்ணெய் அடிமண்ணுக்கு இறங்கி வருஷக்கணக்கா கிடக்கும். தண்ணியில மிதக்கும்போதே தடுக்கணும்.

நெட்டுக்குப்பம்: சரிக்கா, நாத்து எப்பதான் நடுறது?

பதில்: பக்கத்துல காய்க்கிற மரம் இருந்து தண்ணி ஏறி இறங்கினா விதை மிதந்து வந்து தானா முளைக்கும். அடுத்த காய்ப்பு வரைக்கும் பாருங்க. முளைக்காத திட்டுல மட்டும் நடுங்க.