வாசகர் கேள்வி பதில்: பேத்திக்கு ஒரு குழி நெலம்

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ரெண்டு ஏக்கர் இருக்குங்க. மாமனார் இன்னமும் ஒரு மூலையில பூங்கார் நெல்லு போட்டு விதை எடுத்து வைக்கிறாரு, அவருக்கு அப்புறம் அத யாரு பாப்பாங்கன்னு தெரியல. எம் பொண்ணு ஆறாவது படிக்கிறா, லீவு விட்டா தாத்தா பின்னாடியேதான் சுத்துவா. ஸ்கூல்ல பாரம்பரிய நெல்லு பத்தி சார்ட் ஒட்டச் சொன்னாங்க, ஒட்டுனா, அதோட முடிஞ்சிபோச்சு. அவள உண்மையா இதுல எப்படிச் சேக்கறது?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, அவளுக்குன்னு ஒரு குழி நெலம் கொடுத்துடுங்க. ஒரு குழின்னா 144 சதுர அடிதான், ரெண்டு ஏக்கர்ல அவ்ளோ ஒதுக்கறது பெரிய விஷயமே இல்ல, ஒத்தை நாத்தா நட்டா ஒரு கைப்பிடி விதையே தாராளம். அந்தக் குழிக்கு அவதான் பொறுப்பு. தாத்தா கூட நின்னு சொல்லிக் கொடுக்கட்டும், ஆனா அவ வேலைய அவரு செஞ்சிடக் கூடாது, இது ரொம்ப முக்கியம்.

ஆரம்பமே புள்ளைங்களுக்குப் புடிச்ச மாதிரிதான் இருக்கும். வாளித் தண்ணில ஒரு நல்ல முட்டையப் போட்டு, அது மேல வந்து ஒரு ரூபா அகலத்துக்குத் தலை காட்டுற வரைக்கும் கல் உப்பக் கரைக்கச் சொல்லுங்க, அப்புறம் முட்டைய எடுத்துட்டு விதையக் கொட்டுனா பதரும் அரைகுறையும் மெதக்கும், அத அரிச்சி எடுத்துட்டு அடியில நிக்கறத மட்டும் நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவ அலசிட்டு ஊற வைக்கணும்.

அதவிட பெரிய வேலை கலவன் எடுக்கறது, அதாவது நம்ம ரகத்துக்கு நடுவுல கலந்து மொளைச்ச வேற நெல்லப் புடுங்கறது. நெல்லு பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய் புடிக்கிற பயிரு, அதனால ஒரு ரகம் கெடறதுக்குக் காத்தவிட மனுசங்கதான் காரணம், களத்துல வேற நெல்லு கலந்துடும், சாக்குல நாலு மணி ஒட்டிக்கிட்டு வந்துடும், போன போகத்துல கொட்டுனது தானா மொளைக்கும். கதிர் வரும்போது ஒருதரம், அறுப்புக்கு முன்னாடி ஒருதரம் வயலச் சுத்தி வந்து, ஒசரம் மாறி நிக்கறது, மணி நிறம் வேறயா இருக்கறது, முன்னாடியே பூத்துட்டது எல்லாத்தையும் வேரோட புடுங்கணும். இதுக்குச் சின்னப் புள்ளைங்க கண்ணு மாதிரி வராது, கதிரு அவங்க கண்ணுக்கு நேராவே நிக்குது, வயசானவங்களுக்குக் குனிஞ்சி பாக்கறதே செரமம். வருஷா வருஷம் இத விட்டுக்கிட்டே வந்தா உங்க மாமனார் இத்தன நாள் காப்பாத்துன பூங்கார் பூங்காராவே இருக்காது. ஆனா தனியா அனுப்பாதீங்கம்மா, வரப்புல பாம்பு கெடக்கும்.

அவ குழி நெல்ல மெஷின்ல விடாதீங்க, தனியா கையால அடிச்சி, இளவெயில்ல காயவச்சி, பல்லுல கடிச்சா நறுக்குன்னு ஒடையற பக்குவத்துல எடுத்துடுங்க. விதையப் பத்திரமா வைக்கிற விதைக்கோட்டை கட்டத் தாத்தாவுக்குத் தெரியுமான்னு கேளுங்க. வைக்கோப் பிரி சுத்தி, உள்ள நொச்சி எலை போட்டு, மேல சாணி மொழுகற கையி இன்னிக்கு டெல்டாவுல கொறஞ்சிக்கிட்டே வருது, அவரு கட்டும்போது பேத்தி பக்கத்துல இருந்து பிரியப் புடிக்கணும், அந்தக் கைப்பழக்கம் புத்தகத்துல வராது.

கடைசியா அந்த விதைய அவளே இன்னொரு புள்ளைக்குக் கொடுக்கணும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் அய்யா 2006லேர்ந்து நெல் திருவிழா நடத்துனாரே, அங்க 2 கிலோ விதை வாங்கிட்டுப் போற விவசாயி அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பிக் கொடுக்கணும், அப்படித்தான் 174 ரகம் வரைக்கும் மீட்டாங்க. 2018ல அவரு போயிட்டாரு, அந்த ஏற்பாடு எந்தத் தெருவுலயும் நடக்கலாம். ஒம் பொண்ணு ஒரு ஆழாக்கு கொடுத்தா கூட்டாளி ரெண்டு ஆழாக்காத் திருப்பட்டும்.

கேள்வி: ஆடிப்பெருக்குக்கு எங்க தெரு புள்ளைங்க சப்பரம் இழுத்துக்கிட்டு ஆத்துக்கு வருது. ஆனா போன வருஷம் படித்துறை பூரா பிளாஸ்டிக் கவரு. புள்ளைங்கள வச்சி எதாச்சும் செய்யலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: செய்யலாம்ங்க, முன்கூட்டியே ஆரம்பிக்கணும். காப்பரிசியும் கருகமணியும் வீட்டுலேர்ந்தே வாழையிலையில, கொட்டாங்கச்சியில எடுத்துட்டு வரணும்னு வீடு வீடாப் போயி அந்தப் புள்ளைங்களே சொல்லட்டும், பெரியவங்க சொன்னா கேக்காத அத்தைமாருங்க பேரன் சொன்னா கேப்பாங்க. முளைப்பாரிய பிளாஸ்டிக் டப்பாவுல போடாம மண்சட்டியில போட்டு, வீட்டு விதையே தெளிக்கச் சொல்லுங்க, எது மொளைக்குது எது மொளைக்கலன்னு அதுலயே தெரிஞ்சிடும், நம்ம ஆத்தாமாருங்க அதுக்கும் சேத்துத்தான் அத வளத்தாங்கன்னு நான் நம்பறேன். ஆத்துல தண்ணி வேகம் இருந்தா புள்ளைங்கள மேல் படியிலயே நிறுத்திடுங்க.

கேள்வி: பசங்க பனங்கொட்ட பொறுக்கி வச்சிருக்காங்க, எங்க நடறது?
- வாசகர், பேராவூரணி

பதில்: வாய்க்கா கரையோட வெளிச்சரிவுல நடுங்க, உள்பக்கம் வேணாம், தூர் வார்ற மெஷின் வழிச்சிட்டுப் போயிடும். ஒரு சாண் ஆழம், பத்தடிக்கு ஒண்ணு. பையில மொளைக்க வச்சி அப்புறம் மாத்தி நட்டா செரமம், வேரு நேரா ஆழத்துக்கு எறங்கற மரம் அது, அதனால நிக்கப்போற எடத்துலயே கொட்டைய ஊனிடணும். கோடையில கரைப் புல்லக் கொளுத்துற ஆளு யாருன்னு பசங்களுக்குத் தெரியும், எங்கெங்க ஊனியிருக்கோம்னு அவருகிட்ட இப்பவே கூட்டிட்டுப் போயி காட்டச் சொல்லுங்க.