புகை வாடை எத்தனை மணிக்கு வருகிறது?

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் ஓர் ஆலை, 60 மீட்டர் புகைபோக்கி. அதனால் எங்கள் பகுதியில் தூசு அதிகபட்சம் 4 மைக்ரோகிராம்தான் கூடும் என்கிறது அவர்களுடைய அறிக்கை. மார்கழிக் காலையிலோ வாடை தாங்கவில்லை. அறிக்கை பொய்யா?

பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. முதலில் வாடை வரும் நேரத்தைச் சில நாட்கள் குறித்து வையுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மேகமில்லாத பனிக்கால இரவில் தரை சீக்கிரம் குளிரும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும்; மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும். அப்போது காற்று மேலும் கீழும் கலக்காது. உயரத்தில் விட்ட புகை கீழே இறங்காமல் நாடா மாதிரி மேலேயே நீண்டு போகும். அதனால் விடியும் முன் நான்கு, ஐந்து மணிக்கே வாடை வந்தால் நான் புகைபோக்கியைச் சந்தேகிக்க மாட்டேன். குப்பை எரிப்பு, ஜெனரேட்டர், ஆலைக்குள் தாழ்வாக இருக்கும் குழாய்கள், இவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். வெயில் ஏறியபின் ஏழு, எட்டு மணிக்குச் சட்டென்று வந்து அரை மணியில் தணிந்தால் கதை வேறு. தரை சூடாகக் கலக்கம் கீழிருந்து எழும்புகிறது. புகை மிதக்கும் உயரத்தை அது தொட்டதும், நீர்க்காத புகை அப்படியே தரைக்கு வந்துவிடும்.

இங்கே ஆலைகளின் அறிக்கைகளில் அதிகம் காணப்படும் ஏர்மாட் (AERMOD) மென்பொருள், புகை எங்கே எவ்வளவு பரவும் என்று மணிக்கு மணி நன்றாகவே கணக்கிடும். ஆனால் இந்தக் காலை இறக்கம் அதன் கணக்கில் வராது. காற்றே வீசாத மணிகளையும் அது விட்டுவிடும். போதாக்குறைக்கு, அந்த 4 அநேகமாக 24 மணி நேரச் சராசரி. அரை மணி நேரம் 100 மைக்ரோகிராம் ஏறினாலும் சராசரியில் இரண்டுதான் கூடும்!

அப்புறம், 4 என்பது அந்தப் புகைபோக்கி சேர்ப்பது மட்டும். ஏற்கெனவே காற்றில் உள்ள தூசையும் கூட்டித்தான், பிஎம்10 எனப்படும் நுண்தூசுக்கான 24 மணி நேர வரம்பான கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமோடு ஒப்பிட வேண்டும்.

அறிக்கையில் உள்ளது எந்த மாதங்களின் காற்றுத் தரவு என்றும் பாருங்கள். பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில்தான் எடுப்பார்கள். மார்ச் முதல் மே வரை எடுத்திருந்தால் உங்கள் மார்கழி அதில் இல்லவே இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது நேரக் குறிப்போடு காற்றின் திசையையும் எழுதுங்கள். டிசம்பர், ஜனவரி தரவை வைத்து ஒரு மணி நேர அளவுகளையும் கேளுங்கள்.